ஒகேனக்கல் பரிசல் சவாரி

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், காவிரி பாறைகளைப் பிளந்து பாயும் ஒகேனக்கல்லில் வட்டப் பரிசல்களில் நடக்கும் சுற்றுலாப் பயணம். மூங்கில் பட்டைகளைக் கூடையாகப் பின்னி, அடியில் முன்பு தோலைப் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பின் மேல் தார் பூசுகிறார்கள். வழியில் பாறை மறித்தால் பரிசல் ஓட்டி பரிசலைக் கவிழ்த்துத் தலையில் சுமந்து கடந்துவிடுவார்.

எட்டடி விட்டமுள்ள பரிசலில் ஐந்து பேர் ஏறினாலும், அவர்களின் எடையால் அது ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர்தான் கூடுதலாக அமிழும். ஆழமில்லாத பாறை இடுக்குகளில் இது செல்ல முடிவதற்கு அதுவே காரணம். ஆனால் அடிக்கட்டை இல்லாததால் நீரோட்டம் இழுத்த பக்கம் சுழலும். நேராகப் போவது ஒற்றைத் துடுப்பைப் பிடித்தவரின் கைத்திறனால் மட்டுமே. வேடிக்கைக்காகச் சுற்றிவிடும்போது, நான்கு விநாடிக்கு ஒரு சுற்று என்றால், மையத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரைப் புவியீர்ப்பில் கால்பங்கு விசை வெளியே தள்ளுவதுபோல் இருக்கும். உடல் தாங்கும் அளவுதான். படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதுதான் உண்மையான ஆபத்து.

பரிசலைப் போலன்றி, ரோலர் கோஸ்டர் பெட்டிக்குத் தண்டவாளத்தின் மேலும் பக்கத்திலும் அடியிலும் சக்கரங்கள் உண்டு. தலைகீழானாலும் பிடி விடாது. அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத சவாரி எவ்வளவு நுட்பமான கணக்கைக் கேட்கும் என்பதை அமெரிக்காவின் கன்சாஸ் நகரம் காட்டியது. அங்கே 2014-இல் திறந்த, 51 மீட்டர் உயர ‘வெர்ருக்ட்’ நீர்ச்சறுக்கில் ரப்பர் மிதவை இரண்டாவது மேட்டில் அந்தரத்தில் எழும்பியது; 2016-இல் பத்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். சறுக்கு பின்னர் இடிக்கப்பட்டது.

ஒகேனக்கல்லில் சறுக்கின் சரிவே நாளுக்கு நாள் மாறுகிறது. கர்நாடக அணைகள் திறக்கப்பட்டால், நேற்று கண்ணுக்குத் தெரிந்த பாறை இன்று நீருக்கடியில் இருக்கும். 2018, 2024 ஆகிய ஆண்டுகளின் வெள்ளத்தில் நீர்வரத்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் எடுக்கும் அளவு உயர்ந்ததும் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிக்கிறது. இந்தச் சவாரிக்கு உள்ள ஒரே பிரேக் அந்தத் தடைதான்.

பயணிகள் உயிர்காப்பு உடையின் பட்டைகளை முழுவதும் பூட்டிக்கொண்டு, பரிசலின் தளத்தில் அமர்ந்தே செல்ல வேண்டும். தடை உள்ள நாளில் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லிப் பரிசல் ஓட்டியைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.