சேற்றில் ஊறிய வித்து

கொளத்தூர் பக்கம் வண்ணமீன் வாங்கப் போனவர்களுக்கு டியூபிஃபெக்ஸ் புழுவைத் தெரிந்திருக்கும். தட்டில் கொஞ்சம் தண்ணீர், அதில் செந்நிற மயிர்க்கற்றை மாதிரி நெளிந்துகொண்டே கிடக்கும். கடைக்காரர் ஒரு சிட்டிகை அள்ளி பாலிதீன் பையில் போட்டுத் தருவார். மீனுக்குத் தீனி, அவ்வளவுதான் அதற்கு மரியாதை. அந்தப் புழுவை யாரும் பொருட்படுத்தாததால் ஒரு மீன் நோய் எண்பது ஆண்டுகள் விஞ்ஞானிகளுக்குத் தண்ணி காட்டியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்காவின் ரெயின்போ ட்ரௌட் மீனை ஐரோப்பியப் பண்ணைகளுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் அதன் குஞ்சுகளுக்கு விசித்திரமான வியாதி பிடித்தது. வால் கறுத்துப் போகும், முதுகு கோணும், பயந்தால் தன் வாலையே துரத்துவது போலச் சுற்றிச் சுற்றி நீந்தும். சுழல் நோய் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. ஐரோப்பாவின் சொந்த மீனான பழுப்பு ட்ரௌட்டிலும் அதே ஒட்டுண்ணி இருந்தது, ஆனால் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நெடுங்காலப் பழக்கம். வெளியூரிலிருந்து வந்தவன்தான் மாட்டிக்கொண்டான்.

ம்யூனிக்கில் இருந்த புரூனோ ஹோஃபர் 1903-இல் அந்த ஒட்டுண்ணியை விவரித்து எழுதினார். இன்று அதன் பெயர் மிக்ஸோபோலஸ் செரிப்ராலிஸ். மீன் குஞ்சின் குருத்தெலும்பைத் தின்று வாழும். அதன் வித்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். கெட்டியான ஓடு, உள்ளே சுருட்டி வைத்த நூல் கொண்ட இரண்டு சிறு பைகள். மீன் செத்து அழுகினால் வித்து சேற்றுக்குப் போகும். மீனைத் தின்ற பறவையின் குடலைக் கடந்தும் சாகாமல் வெளியே வரும்.

சரி, சேற்றுக்குப் போனது மீனுக்கு எப்படித் திரும்பி வருகிறது? இங்கேதான் சிக்கல். வித்தை எடுத்து நேரே மீனுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதே வித்தைச் சேற்றில் போட்டுச் சில மாதம் வைத்திருந்து அதில் மீனை விட்டால் நோய் வந்தது. அப்படியென்றால் வித்து சேற்றில் ஊறிப் பழுக்க வேண்டும் போல என்று முடிவு கட்டினார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். சோதனை திரும்பத் திரும்ப அதே விடையைத்தான் தந்தது. மண் குளத்தை மூடிவிட்டு சிமெண்ட் தொட்டி கட்டிய பண்ணைகளில் நோய் குறையவும் செய்தது. பார்த்தது எல்லாம் சரி, சொன்ன காரணம் மட்டும் தப்பு.

ஹோஃபருக்கு முன்பே, 1899-இல், ப்ராக் நகரத்தில் அன்டோனின் ஷ்டோல்ட்ஸ் என்பவர் நன்னீர்ப் புழுக்களின் உடலுக்குள் வேறொரு நுண்ணுயிரைக் கண்டிருந்தார். மூன்று நீண்ட வால்களோடு நங்கூரம் போல அழகாக இருந்தது அது. ட்ரையாக்டினோமிக்ஸான் என்று பெயர் வைத்தார். அதில் ஓர் இனத்துக்கு அவர் கொடுத்த அடைமொழி 'இக்னோட்டம்'. லத்தீனில் 'அறியப்படாதது' என்று பொருள். பிறகு வந்தவர்கள் அந்த வகை உயிர்களுக்குத் தனி வகுப்பே ஒதுக்கினார்கள். மீன் ஒட்டுண்ணிக்காரர்கள் ஒரு பக்கம், புழு ஒட்டுண்ணிக்காரர்கள் இன்னொரு பக்கம். ப்ராகுக்கும் ம்யூனிக்குக்கும் நடுவே சுமார் 300 கிலோமீட்டர்தான்.

1980-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் லீடவுன் என்ற ஊரிலிருந்த மீன் நோய் ஆய்வகத்தில் கென் வுல்ஃபும் மரியா மார்க்கிவும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். சேறு வித்தை என்ன செய்கிறது என்று கேட்காமல், சேற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். டியூபிஃபெக்ஸ் புழுவுக்கு வித்தைத் தின்னக் கொடுத்தார்கள். மாதங்கள் கழித்துப் புழுவிலிருந்து வெளியே வந்தது ஷ்டோல்ட்ஸின் மூன்று வால் நங்கூரம்! அது மிதக்கும் தண்ணீரில் ட்ரௌட் குஞ்சை விட்டதும் சுழல் நோய் வந்தது. நங்கூரம் மீனின் தோலைத் தொட்டதும் நூலை வீசிப் பற்றிக்கொண்டு, தன் உயிரணுக்களை உள்ளே இறக்கிவிடுகிறது. அவை நரம்பு வழியாகக் குருத்தெலும்பை அடைகின்றன. வெவ்வேறு வகுப்புகளில் பதிவான இரண்டும் ஒரே உயிரின் இரண்டு பருவங்கள். சேற்றில் கழிந்த அந்த மாதங்கள், புழுவின் குடலில் ஒட்டுண்ணி வளர எடுத்துக்கொண்ட மாதங்கள்.

1984-இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானபோது பலர் நம்பவில்லை. வயலிலிருந்து எடுத்த புழுவில் அந்த நங்கூரம் ஏற்கனவே இருந்திருக்கலாம் இல்லையா? எனக்கு அது நியாயமான சந்தேகமாகத்தான் படுகிறது. ஒரு வகுப்பையே கலைக்கச் சொல்கிறவர்களிடம் கூடுதலாகச் சாட்சி கேட்பதில் தப்பில்லை. 1989-இல் எல்-மத்பூலியும் ஹோஃப்மனும் சோதனையைத் திரும்பச் செய்து உறுதிப்படுத்தினார்கள். எங்கே? ஹோஃபரின் அதே ம்யூனிக்கில். பிற்பாடு மரபணு ஆய்வு இன்னொரு குண்டைப் போட்டது. ஒற்றைச் செல் உயிர் என்று நினைத்திருந்த இந்தக் கூட்டமே ஜெல்லிமீனின் சொந்தக்காரர்களாம். வித்துக்குள் சுருண்டு கிடக்கும் நூலும் ஜெல்லிமீனின் கொட்டும் நூலும் ஒரே குடும்பச் சொத்து.

பண்ணைக்கு வழி தெரிந்துவிட்டது: சேற்றை எடு, புழு போகும், நோயும் போகும். ஆனால் ஆற்றுக்கு சிமெண்ட் போட முடியுமா? 1950-களிலேயே இந்த ஒட்டுண்ணி அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1994-இல் மொன்டானாவின் மேடிசன் ஆற்றிலும் அது இருப்பது தெரியவந்தது. அந்த ஆற்றின் ஒரு பகுதியில் ரெயின்போ ட்ரௌட் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போயிருந்தது. ஐரோப்பாவில் பிடித்த வியாதி, அந்த மீனின் தாய்மண்ணுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அதே 1994-இல் புழு ஒட்டுண்ணிகளின் வகுப்பைக் கலைத்துவிடலாம் என்று வல்லுநர்கள் முன்மொழிந்தார்கள். ஷ்டோல்ட்ஸ் வைத்த பெயர் மட்டும் மிச்சம். இன்றைய ஆங்கிலக் கட்டுரைகளில் ட்ரையாக்டினோமிக்ஸானை, கூட்டுப்புழு, தலைப்பிரட்டை என்பது போல ஒரு பருவத்தின் பெயராக, சின்ன எழுத்தில் எழுதுகிறார்கள்.