தேதியிட்ட ஆறு

என் பிள்ளைப் பிராயத்தில் ஊருக்குப் பெயர் மாயவரம். 1982இல் அரசு அதை மயிலாடுதுறை என்று மாற்றியபோது எதையோ பறிகொடுத்தவன் போல் நடந்துகொண்டேன். தேவாரத்தில் உள்ள பெயர் மயிலாடுதுறைதான், மாயூரமும் மாயவரமும் பின்னால் வந்தவை என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் ஒப்பவில்லை. நமக்கு முதலில் அறிமுகமானது எதுவோ அதையே ஆதி என்று ஞாபகம் ஸ்தாபித்துவிடுகிறது. சொந்த ஊரைப் பற்றி எழுதப்படும் ஏக்கக் கட்டுரைகளின் கோளாறு இது.

காவேரியை எடுத்துக்கொள்கிறேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து சில நாட்களில் தண்ணீர் வரும். முதல் தண்ணீர் அழகாக இராது. சருகும் நுரையும் செத்தையும் சுமந்து, மணலை நனைத்து நனைத்து, ஆள் நடக்கிற வேகத்தில் வரும். அதற்கு முகம் காட்டியபடி நாங்கள் பின்னால் பின்னால் நகர்வோம். பாட்டி கரையில் நின்று கையெடுத்துக் கும்பிடுவாள். பூமி தோன்றிய நாள்முதல் இது இப்படித்தான் நடக்கிறது என்று நான் நம்பினேன்.

உண்மையில் அந்த வழக்கத்துக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல். ஜூன் 12 என்பது அதன் மதகுகளுக்குக் குறித்த தேதி. அதற்கு முன்னால் குடகில் மழை பிடித்தபோது ஆறு வந்தது. 1924இல் கரைமீறிப் பெருவெள்ளமாக வந்தது. தாத்தாவுக்கு அதுதான் காவேரி. நாங்கள் கும்பிட்டதைப் பார்த்து, "இது தொறந்துவிட்ட தண்ணிடா" என்பார்.

தரங்கம்பாடி ரயிலும் அப்படித்தான். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று வயல்களுக்கு நடுவே நின்று நின்று போன அந்த வண்டியை 1986இல் நிறுத்தினார்கள். ஊரே அநாதையானது போல் எனக்கு இருந்தது. பாதை போட்டது 1926இல். அறுபது வருஷம்தான் ஆயுள். என் தகப்பனாரைவிட இளையது.

சில வருஷங்களுக்கு முன், என்னோடு படித்த ஒருவரிடம் இந்த ஆற்றைப் பற்றிப் பரவசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். சேரியிலிருந்து வந்து படித்து உத்தியோகத்துக்குப் போனவர். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீ சொல்ற ஆறு வேற. நீங்க குளிச்சு முடிச்ச தண்ணி கீழ வரும். அதுலதான் நாங்க குளிச்சோம்." குரலில் கோபம் இல்லை. ஒரே தண்ணீர்தான், ஆனால் என் ஞாபகத்தில் அது மேல்துறையோடு நின்றுவிட்டிருக்கிறது. ஊர் மாறிவிட்டதே என்று நான் அங்கலாய்க்கிறேன். அது மாறட்டும் என்று அவர் காத்திருந்தார்.

இதனால் இழப்பே இல்லை என்றாகாது. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷங்கள் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. 2020இல்தான் தேதி திரும்பியது. இடையில் குறுவைக்கு ஆற்றை நம்ப முடியாமல் போயிற்று. ஆழ்குழாய்க் கிணறு வைத்திருந்தவன் நட்டான், இல்லாதவன் தரிசு போட்டான். 1991இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு, 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம் என்று இந்தத் தண்ணீருக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. மனிதர்கள் கட்டிய ஏற்பாடு அது. கட்டியது என்பதால்தான் குலைகிறது. அதனாலேயே அதற்காக வாதாடவும் முடிகிறது. ஆதிமுதல் இருந்த இயற்கை போய்விட்டது என்று புலம்புகிறவனுக்கு வாதாட எதுவும் இல்லை. கீழ்த்துறையில் நின்றவனுக்கு மேல்துறையில் இறங்க உரிமை உண்டா என்ற கேள்வியும் அந்தப் புலம்பலில் மூழ்கிவிடுகிறது.

நண்பர் ஊர்ப்பெயரைத் தயக்கமில்லாமல் மயிலாடுதுறை என்றுதான் சொல்கிறார். எனக்கு இன்னும் வாய் தடுமாறுகிறது. பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் நிமிர்ந்து பார்க்கும்வரை, "மாயவரம் ஒண்ணு" என்கிறேன்.