உடைந்த கப்பலுக்குப் பெயர் வைப்பவர்கள்

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. தொண்டைமான்களின் எல்லை கடற்கரைக்கு முன்னாலேயே முடிந்துபோனது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எல்லாம் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தவை. 1974 ஜனவரியில் புதிய மாவட்டம் உருவானபோதுதான் புதுக்கோட்டையோடு ஒட்டவைக்கப்பட்டன. அதனாலேயோ என்னவோ, புதுக்கோட்டை வரலாறு என்று நாம் வாசிப்பது குடைவரை, கல்வெட்டு, அரண்மனை என்று தரையிலேயே நிற்கிறது.

கடல் அதில் எட்டிப்பார்க்கிற இடம் ஒன்று உண்டு. 1898இல் ஆலங்குடி பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. வரிசையின் கடைசியில் வெஸ்பாசியன் காசு இருப்பதால் கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைக் கொண்டு தேதி குறித்தார்கள். பெரும்பாலான காசுகளில் பேரரசனின் தலைமேல் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. இந்த வெட்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். காசுகளில் ஒரு பகுதி பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தங்கம் பேசப்பட்டது, அதைச் சுமந்து வந்த கப்பலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கப்பலைக் கேட்பதென்றால் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். வரலாற்றெழுத்துக்கு அது பழக்கமில்லாத காரியம்.

இறங்கியவர்கள் யார்? இந்தக் கடலில் முதலில் இறங்கிய அறிவுத்துறை வரலாறு அல்ல, உயிரியல். அதையும் இறக்கிவிட்டது வருமானம்தான். 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மனுக்கு உதவியாளராக ஜேம்ஸ் ஹார்னெல் இலங்கைக்கு வந்தார். முத்துப் பார்கள் ஏன் பொய்க்கின்றன என்று அரசாங்கத்துக்குத் தெரியவேண்டியிருந்தது. பிறகு அவர் சென்னை மாகாண மீன்துறைக்கு வந்து, 1918 முதல் 1924 வரை அதன் இயக்குநராகவே இருந்தார். சங்கைப் பற்றி 1914இல் தனிநூல் எழுதியவர், 1920இல் இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி எழுதினார். சிப்பியை அளக்கப் போன கை படகையும் அளந்தது. ஆனால் அவருடைய அறிவுக்கு அடியில் இன்னொரு அறிவு கிடந்தது: தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களுமான குளியாட்களின் அறிவு. மூச்சடக்கி இறங்குகிறவனுக்குத்தான் எது மணல், எது பார், எது இரண்டுமில்லாத ஏதோ ஒன்று என்று காலாலேயே தெரியும். காலனிய அறிக்கையில் அவன் கூலிக் கணக்கில் வருகிறான், ஆசிரியன் பட்டியலில் வருவதில்லை.

முக்குளிப்புக் கருவி வந்தபிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. விஞ்ஞானியே இறங்கலாம். நம் பக்கத்துக் கடலில் அப்படி இறங்கியவர்களில் முக்கியமானவர் ரோட்னி ஜோன்க்ளாஸ் (1925-1989). பறங்கியர் சமூகத்தவர், விலங்கியல் படித்தவர், தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்தவர். அலங்கார மீன்களைப் பிடித்து ஏற்றுமதி செய்தார். 1975இல் வெளிவந்த அவருடைய நூலும் வெப்பக்கடல் மீன்களைச் சேகரிப்பது பற்றியதுதான். மூழ்கிய கப்பல்களை அடையாளம் காண்பதற்கென்று அன்றைக்கு ஒரு உத்தியோகமே கிடையாது. மீனுக்காக இறங்குகிற ஆள், கப்பலையும் பார்த்துவிட்டு வருவார், அவ்வளவுதான்.

1961 மார்ச்சில் இலங்கையின் தென்கரையில், கிரிந்தைக்கு அப்பாலுள்ள கிரேட் பாஸஸ் பாறைத்திட்டில் படம் பிடிக்கப் போன மைக் வில்சனும் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் பீரங்கிகளையும் வெள்ளிக் காசுகளையும் பார்த்தார்கள். வில்சன் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி. 1963இல் அவர்கள் திரும்பப் போனபோது கடலடித் தொல்லியலில் அனுபவமுள்ள பீட்டர் த்ராக்மார்ட்டன் வந்தார், ஜோன்க்ளாஸும் உடன் இருந்தார். காசுகள் தனித்தனியாகக் கிடக்கவில்லை. மூட்டையாகக் கட்டியிருந்தவை, சாக்கு மக்கிப்போனபின்னும் மூட்டை வடிவத்திலேயே இறுகிக் கட்டியாகிக் கிடந்தன. அத்தனையும் சூரத் நாணயச்சாலையில் அடித்த அவுரங்கசீப் காலத்து ரூபாய், ஹிஜ்ரி 1113. அதாவது கி.பி. 1702. புழங்கித் தேயாத காசு, ஒரே வருஷம். ஆகவே கப்பல் அதற்குப் பின் வெகு சீக்கிரம் மூழ்கியிருக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தும் அந்தக் கப்பல் இன்றுவரை பெயரற்றதாகவே இருக்கிறது. 1964இல் வந்த கிளார்க்கின் நூல் தலைப்பில் புதையல் என்ற சொல்லையே வைத்துக்கொண்டது. உலகமும் அதை அப்படித்தான் வாசித்தது. கப்பலில் யார் வேலை செய்தார்கள், எந்த ஊர் லஸ்கர்கள் செத்தார்கள் என்ற கேள்விக்கு அந்தச் சொல்லுக்குள் இடமில்லை.

எதிர்மாறான ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1942 ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலில் 307 பேர் இறந்தார்கள். அங்கே பெயர் முன்பே தெரியும், எண்ணிக்கையும் தெரியும். ஏகாதிபத்தியம் தன் சாவுகளுக்கு ரெஜிஸ்தர் வைத்திருக்கிறது. பெயரைத் தேட வேண்டியிருப்பது மற்றவர்களின் கப்பல்களுக்குத்தான்.

உயிரியல்காரர் இதில் என்ன செய்கிறார் என்று கேட்கலாம். கடலடியில் கப்பல் கப்பலாகத் தெரியாது. பாயும் கொடிமரமும் சினிமாவில்தான். இரும்பு உப்புநீரில் கரைந்து மணலையும் சிப்பியையும் இழுத்துக்கொண்டு பாறைமாதிரி இறுகிவிடும். மேலே பவளமும் கொட்டலசும் ஏறிவிடும். மரத்தைக் கப்பல்புழு தின்றுவிடும். புழு என்கிறோமே ஒழிய அது சிப்பி இனத்தைச் சேர்ந்த பிராணி. அதற்கு எட்டாமல் மணலில் புதைந்த பாகம் மட்டும் தப்பிக்கும். எந்த மேடு இயற்கையாக வளர்ந்த பார், எந்த மேடு ஏதோ ஒன்றின்மேல் வளர்ந்த பார் என்று பிரிப்பதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகுதான் காசும் ஆவணமும். இந்த முதல் வேலையை மீனவரும் செய்கிறார்: வெறும் மணற்பரப்பில் ஓரிடத்தில் மட்டும் பார்மீன் விழுந்தால், அங்கேயே வலையும் கிழிந்தால், கீழே ஏதோ கிடக்குதுன்னு அர்த்தம். கரையிலுள்ள பனையையும் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் வைத்து அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்வார். இதை ‘தகவல்’ என்றும் விஞ்ஞானி செய்வதை ‘கண்டுபிடிப்பு’ என்றும் பிரிப்பது அறிவின் தரத்தால் அல்ல, அதிகாரத்தால்.

2003இல் இந்தப் பிரிவினை சற்று ஆடியது. அம்பலாந்தோட்டைக்கு அருகில் கொடவாயவில் சங்கு குளிக்கப் போன பி.ஜி. பிரேமிந்த, ஆர்.பி. சுனில் என்ற இரண்டு மீனவர்கள் ஏறத்தாழ 30 மீட்டருக்குக் கீழே பழம்பொருட்களைக் கண்டார்கள். மேலே வந்தவற்றில் மங்கலச் சின்னங்கள் பொறித்த கல் இருக்கை ஒன்று. அதன்பின் இலங்கையின் கடல்சார் தொல்லியல் பிரிவும் டெக்சாஸிலுள்ள கடல்வழித் தொல்லியல் நிறுவனமும் அங்கே ஆய்வு செய்தன. கண்ணாடிப் பாளங்கள், உலோகக் கட்டிகள், தென்னிந்திய அகழாய்வுகளில் நாம் பார்த்துப் பழகிய கறுப்பு-சிவப்புப் பாண்டங்கள். காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. இந்தியப் பெருங்கடலில் தெரியவந்தவற்றில் மிகப் பழைய கப்பல் இது. கருக்காக்குறிச்சித் தங்கத்தின் காலத்தை ஒட்டியது. இதைக் காட்டியவர்கள் சங்குக் குளியாட்கள். அவர்கள் பெயர் ஆய்வுக்கட்டுரைகளில் ஏறியது. இது நூறு வருஷம் தாமதமான ஒரு சின்ன நியாயம்.

நம் பக்கத்திலும் பூம்புகாருக்கு அப்பால் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் ஒரு மரக்கப்பலின் மிச்சத்தை ஆராய்ந்தார்கள். எடுத்த ஈயப் பாளங்களில் ‘டபிள்யூ. பிளாக்கெட்’ என்ற பெயரும் 1791, 1792 என்ற வருஷங்களும் இருந்தன. பிளாக்கெட் என்பது வட இங்கிலாந்து ஈயச் சுரங்கக் குடும்பம். சரக்குக்கு முதலாளியின் பெயர் கிடைத்துவிட்டது.

பூம்புகாரிலிருந்து தெற்கே, கோடிக்கரையைச் சுற்றி உள்ளே வந்தால் பாக் விரிகுடா. ஆழம் குறைந்த, சேறும் மணலுமான கடல். மரம் புதைந்து தப்பிக்கத் தோதான தரை. ஆனால் இந்தத் தரையைப் பல பத்தாண்டுகளாக இழுவைமடி உழுதுகொண்டிருக்கிறது. ஜெகதாப்பட்டினத்து, கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகளும் அதில் உண்டு. ஓரிடத்தில் கிடந்தால்தான் ஒரு ஜாடி சாட்சி, மடியில் இழுபட்டு இடம்மாறினால் அது வெறும் ஜாடி. மீன்வளத்துக்காக இழுவைமடியை எதிர்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். அதோடு, புதுக்கோட்டைக்குக் கடல் கிடைத்த அதே 1974இல்தான் ஜூன் மாதம் கச்சத்தீவு ஒப்பந்தமும் வந்தது. கடலின் நடுவே கோடு விழுந்தது. கோட்டைத் தாண்டிய படகைப் பிடிக்க கடற்படை இருக்கிறது. மடியில் மீனோடு ஒரு பழைய மரத்துண்டு ஏறினால் அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று படகில் இருப்பவரிடம் கேட்டால், போலீஸ் வந்துடும், எதுக்கு வம்பு, தூக்கிக் கடல்லயே போடு என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை.