குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையும் எலும்புச் சிக்கல்களும்

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலருக்கு எலும்புகள் நலிவதும், இரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பின் ஒரு பகுதி உயிரிழப்பதும் உண்டு. குணமடைந்த குழந்தைகளிடம் காணப்படுவதால், இச்சிக்கலின் வரலாறு மருந்துகளின் வெற்றியோடு பிணைந்தது.

1947-48இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார். பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அம்மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் (1895–1948) தலைமையில் லெடர்லி ஆய்வகத்தில் உருவானது. அன்று குழந்தைகள் சில மாதங்களே உயிர் தரித்தனர்; எலும்பைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

அமினாப்டெரினின் இடத்தை மெத்தோடிரெக்சேட் பிடித்தது. 1950களில் ஸ்டீராய்டு மருந்துகளும் சேர்ந்தன. ஆயுள் நீண்டபோதுதான் பக்கவிளைவு புலப்பட்டது. மெத்தோடிரெக்சேட் பெற்ற குழந்தைகளின் எலும்பு முறிவுகள் பற்றிய கட்டுரை 1970இல் வெளிவந்தது. ஸ்டீராய்டோ எலும்பு உருவாக்கத்தைக் குறைப்பதுடன், இடுப்பு, முழங்கால் மூட்டுகளில் எலும்பு இறப்புக்கும் வழிவகுக்கிறது. பத்து வயதைத் தாண்டியவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

தமிழ்நாட்டில் 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், 1980களின் நடுவில் எம்.சி.பி. 841 என்ற கூட்டு மருந்து முறை கையாளப்பட்டது. பிழைப்போர் எண்ணிக்கை பெருகியது. திருச்சி, திருவரங்கம் பகுதிப் பெற்றோர் சென்னைக்கு ஏறக்குறைய 320 கிலோமீட்டர் செல்ல வேண்டும். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய பின் அடிக்கடி போய்வருவது எளிதன்று.

இங்கேதான் வீடும் பள்ளியும் கவனிக்க வேண்டியுள்ளது. மலைக்கோட்டைப் படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால், "வளர்கிற வயசு, அப்படித்தான்" என்று தள்ளிவிடுகிறோம். இடுப்பு மூட்டின் கோளாறு முழங்கால் வலியாகவும் தோன்றலாம். தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். நொண்டி நடக்கும் பிள்ளையை உடற்பயிற்சி வகுப்பில் ஓடச் சொல்லும் ஆசிரியரும் முன்பு நோய் இருந்ததா என விசாரிப்பது நல்லது.

மருந்தைக் கைவிட முடியாது, நோய் திரும்பிவிடும். ஆதலால் கொடுக்கும் முறையை மாற்றினர். டெக்சாமெத்தாசோனை 21 நாள் தொடர்ந்து தராமல், ஒரு வாரம் கொடுத்து, ஒரு வாரம் நிறுத்தி, மீண்டும் ஒரு வாரம் கொடுத்தபோது, பதின்பருவத்தினரிடம் எலும்பு இறப்பு குறைந்தது. நோயைக் கட்டுப்படுத்தும் பயனும் குன்றவில்லை.