நிதிநிலை அறிக்கைகள்: போடி ஏலக்காய் வணிகம்

நிதிநிலை அறிக்கைகள் ஒரு தொழிலின் இலாபம், சொத்து, கடன், பணப் புழக்கம் ஆகியவற்றைக் காட்டும் ஆண்டுக் கணக்குகள். இலாப நட்டக் கணக்கு ஆண்டு முழுவதும் நடந்ததைச் சொல்லும். இருப்புநிலைக் குறிப்பு மார்ச் 31 அன்று கையில் உள்ளதையும் கொடுக்க வேண்டியதையும் சொல்லும். ரொக்க ஓட்ட அறிக்கை பணம் வந்த வழியையும் போன வழியையும் சொல்லும்.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரின் ஏலக்காய் வியாபாரி ஒருவரது கணக்கைப் பிரித்தால், முதலில் பார்க்க வேண்டியது இறுதிச் சரக்கிருப்பு. இங்கும் மலைமேல் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. தட்டில் வரும் மாதிரிக் காயைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கணினியில் விலை கேட்பார்கள். 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், 2022இல் சராசரியாக ஆயிரத்துக்கும் கீழே போனது. ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை, மாசியில் ஓய்கிறது. ஆகவே கணக்கு முடிக்கும் நாளில் குடோனில் மூட்டைகள் கிடக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு: கிலோ 2,000 ரூபாய்க்கு 1,000 கிலோ கொள்முதல். அதில் 600 கிலோவை 2,300க்குக் கடனுக்கு விற்றால் மொத்த இலாபம் 1.80 லட்சம். மீதி 400 கிலோவின் அடக்கம் 8 லட்சம். மார்ச் 31இல் விலை 1,700 என்றால் அதை 6.80 லட்சமாகவே எழுத வேண்டும். இலாபம் 60,000 ஆகச் சுருங்கும். அடக்கவிலை, விற்றால் கிடைக்கும் நிகர விலை, இரண்டில் குறைந்ததே இருப்பின் மதிப்பு என்கிறது இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் 2ஆம் கணக்கியல் தரம். விலை ஏறினாலோ, விற்கும்வரை அது இலாபமல்ல. வங்கியில் கடன் கேட்கும்போது இருப்பை ஏற்றிக் காட்டவும், வரி கட்டும்போது இறக்கிக் காட்டவும் ஆசை வருவது இயல்பு.

அந்த 60,000மும் கல்லாவுக்கு வந்த பணமல்ல. 20 லட்சம் வெளியே போயிருக்கிறது, 13.80 லட்சம் கடனாளிகளிடம் நிற்கிறது. இதைக் காட்டும் ரொக்க ஓட்ட அறிக்கை தனிநபர் கடைகளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் இந்த வியாபாரத்தில் மிகவும் வேண்டியது அதுதான்.

தோட்டக்காரர் நிலை வேறு. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லாததால் பலர் கூலி நோட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ காய் தேறும். கூலி, உரம், விறகுச் செலவைப் பச்சைக்காய் எடையால் வகுப்பவருக்கு அடக்கவிலை ஐந்தில் ஒரு பங்காகத் தெரியும்.