சார்பு

'சார்' என்னும் வினையடிக்குச் சாய்தல், அடுத்தல், பற்றுதல் எனப் பொருள் விரியும். அதில் பிறந்தது சார்பு. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றும் பிற எழுத்துகளைச் சார்ந்து வருவன என்கிறது தொல்காப்பியம். நன்னூலில் சார்பெழுத்து பத்து வகை. பள்ளிக் கணிதத்திலும் சார்பு உண்டு.

கணினியிலும் இச்சொல் பயன்படுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு மென்பொருள் இயங்கத் தேவைப்படும் பிற தொகுப்புகளே அதன் சார்புகள். ஒரு மின்னணு ஆலைக்கு உதிரிபாக ஆலைகள்போல. டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி என்ற கருவி, விடுபட்ட சார்பின் பெயரைச் சொல்லி நின்றுவிடும். அதைத் தேடிக் கொணர்ந்து நிறுவுவது, 1999இல் டெபியன் 2.1உடன் வந்த ஏபிடி என்ற கருவி. டெபியன் வழிவந்த, இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் பாஸ் லினக்ஸிலும் அதே முறைதான். இத்தகைய சார்பைச் சிலர் 'சார்புநிலை' என்று நீட்டுகிறார்கள். அது நிலையைக் குறிக்கும். நிறுவவேண்டிய தொகுப்பைக் குறிக்கச் 'சார்பு' என்பதே பொருத்தம்.