லேசான அசைவிலும் முறியும் எலும்புகள்: மரபுவழி நோயின் காரணங்களும் அறிகுறிகளும்

இடுக்கியை அடுத்த கோட்டயம் மாவட்டம் எருமேலியைச் சேர்ந்த லத்தீஷா அன்சாரி, 2019-ஆம் ஆண்டு குடிமைப் பணிகள் முதல்நிலைத் தேர்வை சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஆக்சிஜன் சிலிண்டர் உதவியுடன் எழுதினார். 2021-இல் தமது 27-ஆவது வயதில் அவர் காலமானார். பிறவியிலேயே அவரைப் பாதித்திருந்தது 'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' எனப்படும் எலும்பு நொறுங்கும் நோய். உலக அளவில் 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இந்நோய் காணப்படுகிறது.

மரபணுக் காரணம்

எலும்புக்கு உறுதியளிக்கும் புரதம் முதல்வகை கொலாஜன். இதை உருவாக்கும் சிஓஎல்1ஏ1 மரபணு 17-ஆவது குரோமோசோமிலும், சிஓஎல்1ஏ2 மரபணு 7-ஆவது குரோமோசோமிலும் உள்ளன. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இவ்விரண்டில் ஒன்றில் பிறழ்வு காணப்படும். கொலாஜனின் அளவு மட்டும் குறைந்தால் பாதிப்பு பொதுவாக லேசாக இருக்கும். அதன் அமைப்பே சிதைந்தால் பாதிப்பு கடுமையாகும்.

இவ்வகை ஓங்குபண்பாகக் கடத்தப்படுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. பெற்றோர் இருவரும் நலமாக இருக்கும்போது, புதிதாகத் தோன்றும் பிறழ்வாலும் நோய் வரலாம். இதற்குக் கர்ப்ப கால உணவோ, தாயின் நடவடிக்கையோ காரணமல்ல.

சிஆர்டிஏபி, எஃப்கேபிபி10 உள்ளிட்ட வேறு மரபணுக்களால் வரும் வகைகள் ஒடுங்குபண்பைச் சேர்ந்தவை. பெற்றோர் இருவருமே பிறழ்வைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. தாய்மாமன், அத்தை மகன் போன்ற நெருங்கிய உறவுகளில் திருமணம் நடைபெறும் குடும்பங்களில் இவ்வகைக்கான வாய்ப்பு கூடுகிறது. தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் மரபணு ஆலோசனை அவசியமாவது இதனால்தான்.

அறிகுறிகள்

ஆஸ்திரேலிய மருத்துவர் டேவிட் சிலென்ஸ் 1979-இல் இந்நோயை 4 வகைகளாகப் பிரித்தார். முதல் வகை லேசானது. இரண்டாம் வகையில் குழந்தை கருப்பையிலோ, பிறந்த சில நாள்களிலோ உயிரிழக்கக்கூடும். மூன்றாம் வகையில் எலும்புகள் படிப்படியாக வளைந்து உருக்குலையும். நான்காம் வகை நடுத்தரமானது.

அடிக்கடி எலும்பு முறிதல், கண்ணின் வெண்பகுதி நீலமாகத் தெரிதல், பற்கள் நிறம் மாறி எளிதில் தேய்தல், குட்டையான உருவம், முதுகெலும்பு வளைதல், தளர்ந்த மூட்டுகள் ஆகியவை முக்கிய அறிகுறிகள். வளர்ந்த பிறகு செவித்திறனும் குறையலாம். மார்புக்கூடு சுருங்குவதால் ஏற்படும் மூச்சுத்திணறல், கடுமையான வகைகளில் உயிருக்கே ஆபத்தாகும். அறிவுத்திறன் பாதிக்கப்படுவதில்லை. காரணம் புரியாத முறிவுகளைக் கண்டு, பெற்றோர் குழந்தையை அடித்ததாகச் சந்தேகிக்கப்படுவதும் உண்டு.

சிகிச்சையும் உதவியும்

நோயை முற்றிலும் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை. பாமிட்ரோனேட், சோலிட்ரோனேட் போன்ற பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் எலும்பின் அடர்த்தியை உயர்த்துகின்றன. வளைந்த எலும்பை நிமிர்த்தி உள்ளே உலோகக் கம்பி பொருத்தும் அறுவை சிகிச்சையும், இயன்முறைப் பயிற்சியும் நடமாட உதவுகின்றன. குழந்தையைக் கைகளைப் பிடித்தோ, அக்குளில் பிடித்தோ தூக்காமல், முதுகையும் இடுப்பையும் தாங்கித் தூக்க வேண்டும்.

மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்நோய்க்கான பிஸ்பாஸ்போனேட் சிகிச்சை இடம்பெற்றுள்ளது. அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு ரூ.50 லட்சம் வரை நிதியுதவி பெற வழியுண்டு. கேரளத்தில் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை அத்தகைய மையமாகச் செயல்படுகிறது. முதல் குழந்தைக்குப் பிறழ்வு எது எனக் கண்டறிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தின் 10 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்துப் பாதிப்பை அறிய முடியும்.